நடுநிலை ஓட்டும் நடுத்தெருவும்

தேர்தல் முடிவு வந்த மறுநாள் பத்திரிகைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும். ‘நடுநிலை வாக்காளர்களே முடிவைத் தீர்மானித்தார்கள்.’ யார் இந்த நடுநிலை வாக்காளர்? எந்தக் கட்சிக் கொடியும் பிடிக்காதவர், இரண்டு தரப்பு நியாயத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பவர், ஆத்திரப்படாதவர். எழுதுகிறவர்கள் மனசில் இருப்பது திண்ணையில் சாய்ந்து பேப்பர் படிக்கிற ஒரு மனிதர். எங்க தெருவில் வீடுகளுக்குத் திண்ணை கிடையாது. ஆனாலும் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தேர்தல் வந்தால் எங்க தெரு நடுவில்தான் நின்றிருக்கிறது.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற கரிசல் மண்ணில் எங்க ஊர். கம்பு, சோளம், உளுந்து, பருத்தி எல்லாம் மானாவாரி. மழை ஏமாற்றினால் தீப்பெட்டி ஆபீஸ்தான் கதி. எங்க ஆச்சி பாதி ஆயுசைக் கட்டை அடுக்கியே கழித்தவள். ஓட்டுக் கேட்டு காலையில் உதயசூரியன்காரர் வருவார். சாயந்தரம் ரெட்டை இலைக்காரர் வருவார். இரண்டு பேருமே மேலத்தெரு. சில தேர்தலில் ஒரே வீட்டு அண்ணன் தம்பியாகவும் இருந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஆச்சி ஒரே பதிலைத்தான் சொல்வாள். ‘ஒங்களுக்குத்தான்யா.’ நான் அப்போது சின்னப் பையன். ‘ரெண்டு பேர்ட்டயும் அப்படியே சொல்லுதியே ஆச்சி’ என்று கேட்டதற்கு, ‘சொன்னா வாயா தேஞ்சிரும்? நாளைக்கு ரெண்டு பேரு காட்டுக்கும்தாம்லே களையெடுக்கப் போகணும்’ என்றாள்.

நடுவு நிலைமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். எம்.ஏ. வகுப்பில் அதைப் படித்தபோது எனக்கு ஆச்சி ஞாபகம்தான் வந்தது. அந்த அதிகாரம் தீர்ப்புச் சொல்லுகிற இடத்தில் இருப்பவனுக்கானது. களையெடுக்கப் போகிறவளுடைய நடுநிலை வேறு. இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ள முடியாதவளுடைய நடுநிலை அது. அந்த இரண்டாவது நடுநிலைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

1

மிதவாதி, தீவிரவாதி என்று பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். 1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. கோகலே பக்கம் ஒரு கூட்டம், திலகர் பக்கம் ஒரு கூட்டம். திலகர் பக்கம் நிற்பதற்கு இந்தக் கரிசல் வட்டாரத்தில் பிறந்த இரண்டு பேர் சூரத் வரைக்கும் போனார்கள். ஒருவர் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., இன்னொருவர் எட்டயபுரத்தில் பிறந்த பாரதி. கட்சி இரண்டாகப் பிரிகிறது, நீ எந்தப் பக்கம் என்ற கேள்வி இந்த மண்ணுக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

அதே 1907 ஜூன் மாதம் சென்னை ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். சாதியை விடாமல் சுதேசியம் பேசினால் வரப்போகிற சுயராஜ்யம் யாருக்கு என்பது அவருடைய விசாரம். மிதவாதியிடமும் அதற்குப் பதில் இல்லை, தீவிரவாதியிடமும் இல்லை. வெள்ளைக்காரனிடம் மனுக் கொடுப்பதா, மல்லுக்கு நிற்பதா என்பதில்தான் அவர்களுக்குள் சண்டை. சேரியைப் பொறுத்தவரை சண்டையே இல்லை. 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களுக்காக நின்று ஜெயிலுக்குப் போன வ.உ.சி.யைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டவருக்கு என்ன பெயர் கிடைத்தது என்பதைப் பார்க்க வேண்டும். அயோத்திதாசருக்குக் கிடைத்த பெயர் ராஜவிசுவாசி. ரொம்ப காலம் அவரைத் தமிழ் அரசியல் வரலாற்றில் சேர்க்காமலே வைத்திருந்தார்கள். இரண்டில் ஒன்றில் சேராதவன் விலைபோனவன் என்பது அப்போதே ஆரம்பித்துவிட்டது.

2

ஐம்பது வருசம் கழித்து, 1957-இல், அந்தோணி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜனநாயகத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அரசியல் படிக்கிற மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அதன் சாரம் இது. இரண்டே கட்சி இருக்கிற இடத்தில், ஜனங்களில் பெரும்பாலோர் நடுவில் இருந்தால், இரண்டு கட்சியும் நடுவை நோக்கி நகரும். நாளாவட்டத்தில் ஒன்றுபோல ஆகிவிடும். ஜனங்கள் இரண்டு ஓரமாகக் குவிந்து கிடந்தால் மட்டும் அப்படி நடக்காது, மோதல்தான் வரும்.

அதே 1957-இல் இங்கே முதுகுளத்தூர். முத்துராமலிங்கத் தேவர் நாடாளுமன்றம், சட்டமன்றம் இரண்டுக்கும் ஜெயித்து, சட்டமன்ற இடத்தை விட்டுக்கொடுத்தார். ஜூலையில் இடைத்தேர்தல். ஒரு பக்கம் பார்வர்டு பிளாக், மறுபக்கம் காங்கிரஸ். மறவர் பெரும்பாலும் அந்தப் பக்கம், பள்ளரும் நாடாரும் பெரும்பாலும் இந்தப் பக்கம். பார்வர்டு பிளாக்கின் சசிவர்ணத் தேவர் ஜெயித்தார். ஜெயித்த பிறகும் பகை அடங்கவில்லை. செப்டம்பர் 10-ஆம் தேதி கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் இம்மானுவேல் சேகரன் சரிசமமாக உட்கார்ந்து பேசினார். 11-ஆம் தேதி இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். 32 வயசு. தொடர்ந்து கீழத்தூவலில் போலீஸ் ஐந்து மறவர்களைச் சுட்டுக் கொன்றது. ஊர் ஊராகக் குடிசைகள் எரிந்தன.

அந்தக் காலத்துத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. மறைப்புக்குள் போய், சின்னம் ஒட்டின பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். யார் எதில் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எந்தத் தெரு யாருக்குப் போடும் என்பது ஊருக்கே தெரியும். ஆளுடைய ஓட்டு ரகசியம், தெருவுடைய ஓட்டு பகிரங்கம். பள்ளர் தெருவிலும் மறவர் தெருவிலும் மாற்றிப் போட்டவர்கள் இருந்திருப்பார்கள், ஓட்டே போடாதவர்களும் இருந்திருப்பார்கள். தீ வைக்க வந்தவன் அதையெல்லாம் விசாரித்துவிட்டு வைக்கவில்லை. இரண்டாகப் பிளந்த ஊரில் நடுநிலை என்பது மனசுக்குள்ளே இருக்கலாம், கூரைக்கு அது தெரியாது.

3

1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கினார். 1977 முதல் 2021 வரை நடந்த ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சிக்கு வந்தது இந்த இரண்டில் ஒன்றுதான். 1989 முதல் 2011 வரை ஒரு தேர்தலில் ஜெயித்த கட்சி அடுத்த தேர்தலில் தோற்றது. 2016-இல்தான் அது மாறியது. ராட்டினம் மாதிரிச் சுற்றிய அந்தக் காலத்தில் கோவில்பட்டி கொஞ்சம் விலகி நின்றது என்பதை இளைய தோழர்கள் பலர் அறிய மாட்டார்கள்.

1967-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தி.மு.க. அணியிலும் இல்லை, காங்கிரஸ் அணியிலும் இல்லை. மாநிலம் முழுக்க அது ஜெயித்தது இரண்டே இடம். அதில் ஒன்று கோவில்பட்டி. ஜெயித்தவர் எஸ். அழகர்சாமி. 1971-இல் தி.மு.க. அணியில் நின்று ஜெயித்தார். 1977-இல் காங்கிரஸ் அணியில் நின்று ஜெயித்தார். 1980-இல் எம்.ஜி.ஆர். அணி, 1989-இல் ஜெயலலிதா அணி. ஆக ஐந்து முறை. இந்திரா கொலைக்குப் பிறகு வந்த 1984 தேர்தலிலும், ராஜீவ் கொலைக்குப் பிறகு வந்த 1991 தேர்தலிலும் மட்டும் தொகுதி கை மாறியது. 1996-இலும் 2001-இலும் திரும்பவும் கதிர் அரிவாள்.

கூட்டணி எது என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரே சின்னத்துக்கு ஓட்டுப் போட்ட ஜனங்கள் இங்கே இருந்தார்கள் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. மில் தொழிலாளி, தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைகள், கடன்பட்ட சம்சாரி, காட்டுக்கூலி எல்லோருக்கும் இரண்டு துருவத்துக்கும் நடுவில் ஒதுங்க ஒரு இடம் இருந்தது. ‘கதிரும் அருவாளும் நம்ம கையில கெடக்குற சாமான்லே’ என்பாள் ஆச்சி. அந்த இடத்துக்குப் போனவர்களை யாரும் மிதவாதி என்று சொல்ல முடியாது. கூலி உயர்வு கேட்டவன் எப்படி மிதவாதியாவான்?

அந்த இடத்துக்கும் ஒரு எல்லை இருந்தது. கூலியைப் பேசினால் எல்லாச் சாதி ஏழையும் சேருவான். தம்ளரைப் பேசினால் பிரிந்துபோவான். எங்க ஊர் டீக்கடை வாசலில் எல்லாக் கட்சிக் கொடியும் பறந்தது. உள்ளே தம்ளர் இரண்டு வரிசையாக இருந்தது. அதைப் பார்க்காமல் டீ குடித்துவிட்டுப் போகாத கட்சிக்காரர் ஒருவரும் கிடையாது.

4

டவுன்ஸ் சொன்ன கணக்குக்கு வருவோம். இரண்டு கட்சியும் நடுவை நோக்கி நகரும் என்றார். தென்மாவட்டத்தில் எது நடு? எண்ணிக்கை, நிலம், போலீஸ் ஸ்டேசன் செல்வாக்கு மூன்றும் சேர்ந்திருக்கிற சாதிகள் எங்கே நிற்கின்றனவோ அதுதான் நடு. இரண்டு கழகமும் அங்கேதான் நகர்ந்தன. மேடையில் ஜென்மப் பகை, சட்டமன்றத்தில் வேட்டி சேலை கிழிகிற சண்டை. தமிழ்நாடே இரண்டாகப் பிளந்து கிடப்பதுபோல ஒரு தோற்றம். சேரி முன்னால் வரும்போது மட்டும் பிளவைக் காணோம்.

வரிசையாகப் பார்க்கலாம். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோது தி.மு.க. ஆட்சி. 1995 ஆகஸ்ட் 31, கொடியங்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீஸார் புகுந்து வீடுகளை உடைத்து, டி.வி., மிக்சி, தானியம், படிப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் என்று கண்ணில் பட்டதையெல்லாம் நாசம் செய்து, குடிக்கிற கிணற்றையும் கெடுத்துவிட்டுப் போனபோது அ.தி.மு.க. ஆட்சி. வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்து நிமிர்ந்த ஊர் என்பதுதான் அந்த ஊரின் குற்றம். 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டி 17 பேர் செத்தபோது தி.மு.க. ஆட்சி. 2011 செப்டம்பர் 11, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் போலீஸ் சுட்டபோது அ.தி.மு.க. ஆட்சி. கமிஷன்கள் வந்தன, அறிக்கைகள் வந்தன. நாற்காலி மாறியது, லத்தி மாறவில்லை.

அரசாங்கத்தின் நடுநிலை எப்படி இருக்கும் என்பதற்கு 1997-ஐ மறக்கக் கூடாது. விருதுநகர் மாவட்டத்தில் புதிதாக அமைந்த போக்குவரத்துக் கழகத்துக்கு அன்றைய தி.மு.க. அரசு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. கட்டபொம்மனின் தளபதி, ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரிக்காரர். அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்ப, கலவரமாயிற்று. அரசு என்ன செய்தது? எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டது. எல்லோருக்கும் சமம். அதுவரை அத்தனை தலைவர் பெயரோடும் பஸ் ஓடியது. ஒரு தலித் பெயர் ஏறியதும்தான் பெயரே வேண்டாம் என்றானது.

தனித்தொகுதியிலாவது நம்ம குரல் கேட்குமா? 1932 செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதி போய், ஒதுக்கப்பட்ட இடம் வந்தது. வேட்பாளர் நம்ம ஆள், ஓட்டுப் போடுவது எல்லோரும். அப்படியானால் இரண்டு பெரிய கட்சியும் எந்த மாதிரி ஆளைத் தேடும்? மேலத்தெருவும் முகம் சுளிக்காத ஆளை. மிதமான ஆளை. அம்பேத்கர் இந்த ஆபத்தைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கொடியங்குளத்தை உள்ளடக்கிய ஒட்டப்பிடாரம் தனித்தொகுதியில் 1996-இல் டாக்டர் கிருஷ்ணசாமி இரண்டு பெரிய அணிக்கும் வெளியே நின்று ஜெயித்தார். பெரிய கட்சித் தயவில்லாமல் ஜெயிக்கலாம் என்று இந்த வட்டாரம் நம்பிய நாள் அது. 2001-இல் தி.மு.க. அணியில் நின்றார், தோற்றார். 2011-இல் அ.தி.மு.க. அணி, ஜெயித்தார். 2016-இல் மறுபடி தி.மு.க. அணி, 493 ஓட்டில் தோற்றார். அவர்மீது எனக்கு விமர்சனங்கள் உண்டு, அவற்றுக்கு இது இடமில்லை. இரண்டு துருவமும் இழுக்கிற இழுப்பில் மூன்றாவதாக நிற்பது எத்தனை கடினம் என்பதுதான் இங்கே விசயம். 2016-இல் விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் மற்றவர்களும் சேர்ந்து மூன்றாவது அணியாக நின்றார்கள். ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. காட்டுமன்னார்கோவிலில் தொல். திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார்.

5

அந்த 2016-இல் கோவில்பட்டியில் அ.தி.மு.க. ஜெயித்தது 428 ஓட்டில். நான் படிப்பு முடிந்து ஊரில் இருந்தேன். நாங்கள் சில இளவட்டங்கள் மூன்றாவது அணிக்குத் தெருவில் வேலை பார்த்தோம்.

முடிவு வந்து இரண்டு மூன்று நாளில் பூத் வாரிக் கணக்கு எழுதின தாளோடு ஆட்கள் டீக்கடைக்கு வந்துவிட்டார்கள். எங்க பூத்தில் எங்க தெருவும் அதற்கு அடுத்த அருந்ததியர் தெருவும்தான். ஆள் பேர் யாருக்கு வேணும்? தாளைப் பார்த்தாலே போதும். ஜெயித்த கட்சிக்காரர், ‘ஒங்களாலதாம்ப்பா இம்புட்டு இழுபறி’ என்றார். தோற்ற கட்சிக்காரர், ‘ஒங்களாலதான் தோத்தோம்’ என்றார். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் பேசினார்கள். அந்த வருசம் எங்க பக்கம் வர வேண்டிய தண்ணீர்க் குழாய் மேலத்தெரு முக்கோடு நின்றது. யார் சொல்லி நின்றது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

இதில் எங்க தப்பையும் எழுத வேண்டும். அருந்ததியர் தெருவில் பெரும்பாலோர் வழக்கம்போல இலைக்கும் சூரியனுக்கும்தான் போட்டிருந்தார்கள். எங்க ஓட்டுக்கு அவர்களும் சேர்ந்து தண்டம் கட்ட வேண்டியதாயிற்று. நாங்கள் அந்தத் தெருவுக்குப் போய் உட்கார்ந்து பேசவே இல்லை. ‘நம்ம ஆளுகதானே, போட்டிருவாக’ என்று இருந்துவிட்டோம். மேலத்தெருக்காரர் எங்களை நினைப்பதும் அப்படித்தான். குழாய் விசயமாகக் கையெழுத்து வாங்கப் போனபோது அந்தத் தெரு அக்கா ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள். ‘ரெண்டு கட்சியும் ஒண்ணுதான்னு நீங்க சொல்லுதீக. எங்களுக்கு நீங்களும் சேத்து மூணும் ஒண்ணுதான் தம்பி.’ 2009-இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது எங்க தெருவில் பேசின பேச்சை அவள் மறந்திருக்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தாள்.

ஆச்சி கடைசியாக ஓட்டுப் போட்டது அந்தத் தேர்தலில்தான். பூத்துக்கு நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். வெளியே வந்ததும், ‘யாருக்கு ஆச்சி போட்ட?’ என்றேன். ‘ஒனக்குத்தாம்லே’ என்றாள். காலையிலும் சாயந்தரமும் வந்தவர்களுக்குச் சொன்ன அதே பதில். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அவளிடம் சொந்தமாக இருந்தது அந்த ரகசியம் ஒன்றுதான். பேரனுக்காகக்கூட அவள் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த ரகசியத்தைத்தான் மிஷின் வாங்கிக்கொண்டது. வாக்குச்சீட்டுக் காலத்தில் எண்ணுவதற்கு முன்னால் பல பூத் சீட்டுகளைக் கலக்கிற முறை இருந்தது. தெருவின் முகம் கூட்டத்தில் மறைந்துபோகும். 2001-இல் தமிழ்நாடு முழுக்க மின்னணு இயந்திரம் வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு பூத்துக்கும் தனிக் கணக்கு. 20-ஆம் எண் படிவத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 14 பூத் வரை ஒன்றாகச் சேர்த்து எண்ணுகிற கருவியைப் பயன்படுத்தலாம் என்று 2008-இலேயே தேர்தல் கமிஷன் கேட்டது. 2015-இல் சட்ட ஆணையம் தனது 255-ஆவது அறிக்கையில் அதையே பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. எந்தத் தெரு நமக்குப் போட்டது என்று தெரிந்துகொள்வதில் பெரிய கட்சிகளுக்குள் பகை இல்லை.

நடுநிலை வாக்காளரைப் பற்றி எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். நடுவில் நிற்கிறவனுக்கு முதலில் வேண்டியது நிதானமோ பக்குவமோ இல்லை. தன் ஓட்டுக்காகத் தன் தெரு அடிபடாது என்ற உத்தரவாதம் வேண்டும். பூத்துகளைக் கலந்து எண்ணு என்று கேட்பது சின்னக் கோரிக்கைதான். அதனால் சாதி ஒழியாது, இரண்டு கட்சி ஆட்டமும் ஓயாது. ஆனால் தெருவைப் பார்த்துத் தண்ணீரை நிறுத்துகிறவனுக்குக் கையில் தாள் இருக்காது. கூட்டங்களில், துண்டறிக்கைகளில், அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிற எல்லோரிடமும் இதைக் கேட்போம். அதற்கு முன்னால் நாம் ஒரு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அடுத்த தெருவுக்குப் போய் உட்கார வேண்டும். இந்தத் தடவை கையெழுத்துக்காகப் போகக் கூடாது.